ஊசியும் நூலும் கொஞ்சம் நமக்காகவும்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவைப் பார்த்து, "நீங்க எல்லாரும் தையல் தெரிஞ்சவங்க. தையலில் ஆசை உள்ளவங்களுக்கு என்னென்ன பொழுதுபோக்கு இருக்குன்னு ஆண்டுக் கூட்டத்தில் பேசுங்க" என்று சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து குழுவில் சொன்னோம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பொழுது போகலைன்னு இங்க யாரு அழுதா? பொழுது பத்தலைன்னுதானே அழுறோம்" என்றார் ஒரு அக்கா.

சிரிப்பு அடங்கிய பிறகு எங்களில் ஒரு தங்கச்சி மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். மகளின் பாவாடையில் மயில் ஒன்று பூ வேலை செய்து கொண்டிருந்தாராம். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருக்கிறார். "விக்கிறதுக்கு இல்லீங்க, பாப்பாவுக்கு" என்றாராம். "அப்ப எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மயிலின் தோகை பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த உரையை நாங்கள் பதினான்கு பேரும் சேர்ந்து தயார் செய்தோம்.

'சும்மா இருக்கிற நேரம்'

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடைகளில் துணிப்பை கேட்டார்கள். ஒரு வியாபாரி எங்கள் ஊருக்கு வந்தார். வெட்டிய துணி அவர் தருவார், நாங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும், ஒரு பைக்கு 3 ரூபாய். கொஞ்சம் கூட்டிக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பொழுதுபோக்காத் தைக்கிறதுதானேம்மா, இதுக்குப் போய் கணக்குப் பார்க்கலாமா?" என்றார். நாங்களும் கணக்குப் பார்க்காமல் ஒத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்துத்தான் கணக்கு நோட்டை எடுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு 6 பை. தினம் 5 மணி நேரம் உட்கார்ந்தால் 30 பை, 90 ரூபாய். நூல், ஊசி, மிஷின் எண்ணெய் எல்லாம் எங்கள் செலவு. அது நாளுக்கு 12 ரூபாய். கையில் நின்றது 78 ரூபாய். 2019-20இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி நாளுக்கு 229 ரூபாய். அதில் பாதிகூட எங்களுக்கு வரவில்லை. முதுகுவலி மட்டும் முழுசாக வந்தது.

இதைவிட ஒரு நஷ்டம் அப்புறம்தான் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் எங்களில் ஒருத்தர்கூட நமக்கென்று ஒரு கைக்குட்டை தைக்கவில்லை. மிஷினைப் பார்த்தாலே அலுப்பு. பிடித்த வேலையே பிடிக்காமல் போய்விட்டது.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நர்சாப்பூர் என்று ஒரு ஊர். அங்கே பெண்கள் கொக்கி ஊசியால் லேஸ் பின்னுகிறார்கள். நாம் குரோஷா என்று சொல்கிறோமே, அதேதான். பல தலைமுறையாக அந்த லேஸ் வெளிநாடுகளுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மனி நாட்டு ஆய்வாளர் அந்தப் பெண்களோடு பேசிப் பார்த்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாளுக்கு 6 மணி, 8 மணி நேரம் பின்னுகிற பெண்கள்கூட தங்களை வேலை செய்பவர்களாக நினைக்கவில்லை, 'வீட்டில் இருக்கிறோம், ஓய்வு நேரத்தில் பின்னுகிறோம்' என்றுதான் நினைத்தார்கள் என்று எழுதினார். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டதால் விவசாயக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்க முடிந்தது. லாபம் எல்லாம் ஏற்றுமதி செய்தவர்களுக்கு.

கவனியுங்கள் சகோதரிகளே. வியாபாரி நம் உழைப்பைப் பொழுதுபோக்கு என்கிறார், கூலியைக் குறைப்பதற்காக. வீட்டில் நம் பொழுதுபோக்கை வெட்டி வேலை என்கிறார்கள், அதில் காசு வராததால். இரண்டு பேச்சும் வேறு வேறு மாதிரித் தெரியும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பெண்ணின் நேரத்துக்கு மதிப்பு இல்லை என்கிற எண்ணம்.

ஆகவே எங்கள் குழு ஒரு முடிவுக்கு வந்தது. கூலிக்குத் தைப்பதைக் கூலி வேலையாகவே கணக்குப் பார்ப்போம். ஆசைக்குத் தைப்பதை ஆசையாகவே வைத்துக்கொள்வோம். இரண்டையும் போட்டுக் குழப்ப மாட்டோம்.

நம்மைப் போன்ற பெண்கள் தைத்தவை

ஆசைக்குத் தைப்பது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்குப் பெரிய பெரிய கடைகளில் வைத்திருக்கும் கைவேலைகளில் பல, ஆர்டருக்காகப் பிறந்தவை அல்ல. தன் வீட்டுக்கு, தன் பிள்ளைக்கு என்று பெண்கள் தைத்தவை.

வங்காளத்தில் காந்தா என்று ஒரு தையல். நாம் கிழிந்த துணியைக் கந்தை என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர்தான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்குவார்கள். புது நூல்கூட வாங்கவில்லை பாருங்கள். ஜசிமுதீன் என்ற வங்கக் கவிஞர் 1929இல் இதை வைத்தே ஒரு கதைக்காவியம் எழுதினார். கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். தான் இறந்த பிறகு அதைத் தன் சமாதிமேல் விரிக்கச் சொல்கிறாள். இதுதான் கதை.

பீகாரில் முசாபர்பூர் பக்கம் சுஜனி என்பார்கள். பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கப் பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த விரிப்பு அது. பிற்காலத்தில் அங்குள்ள பெண்கள் அதே தையலில் வரதட்சணைக் கொடுமையையும், பெண் குழந்தையைக் கொல்வதையும் படமாகத் தைத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசக் கூச்சப்பட்டவர்கள் துணியில் பேசிவிட்டார்கள். 2006இல் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தையலைப் பரப்பிய நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் நீலகிரியில் தோடர் பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் வேலை செய்து, பூத்துக்குளி என்ற போர்வையில் போடுவார்கள். டிரேஸ் எடுப்பது கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். 2013இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

தருமபுரி மாவட்டத்தை நமக்கெல்லாம் தெரியும். 1989இல் அரசின் மகளிர் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது அங்கேதான். அதே மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழைய உடையை விட்டுச் சேலைக்கு மாறியபோது, அந்த உடையில் போடுகிற கண்ணாடி வைத்த பூத்தையலும் மறந்து போனது. வயதான சில பெண்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர்களிடம் இளம் பெண்கள் உட்கார்ந்து திரும்பக் கற்றார்கள். அவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்புக்குப் போர்கை என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். வருமானம் அப்புறம்தான் வந்தது. பெயர் வைக்கும்போது அவர்களுக்கு முதலில் தோன்றியது பெருமைதான்.

நாம் செய்யக்கூடியவை

இனி கைவேலைக்கு வருவோம். எங்கள் குழுவில் நாங்கள் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறோம். அதிகச் செலவு இல்லாதவை.

ஒன்று, பழைய சேலைப் போர்வை. நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்திச் சேலைதான் வேண்டும். பாலியஸ்டர் வழுக்கும், சேர்க்காதீர்கள். சாதாரணச் சேலை ஐந்தரை மீட்டர். ஒரே சேலையை நான்காக மடித்தால் நாலரை அடி நீளம் வரும். குழந்தைக்குப் போதும். பெரியவர்களுக்கு என்றால் இரண்டு மெல்லிய சேலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். ஆறடி நீளம் கிடைக்கும். பாயில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளுங்கள். இது துணி நகராமல் இருக்கத்தான், கடைசியில் பிரித்துவிடலாம். பிறகு இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டுத் தையல். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தால் முடிந்தது. இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. தினம் இரண்டு வரிசை போதும். எங்கள் குழுவில் ஒரு அக்கா இறந்துபோன தன் அம்மாவின் சேலைகளில் இப்படி ஒன்று தைத்தார். அதை விற்கிறீங்களா என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

இரண்டு, கட்டம் போட்ட துணியில் குறுக்குத் தையல். படம் வரையத் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு இதுதான் சுலபம். சின்னக் கட்டம் போட்ட துணியோ, கிழியாத பழைய லுங்கியோ எடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. கட்டமே வழி காட்டும். டிசைனுக்கு எங்கும் அலைய வேண்டாம். நமக்குத்தான் புள்ளிக்கோலம் தெரியுமே. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் குறித்துக்கொண்டு, எண்ணித் தைக்க வேண்டியதுதான். வாசலில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் அழிந்துவிடும். தலையணை உறையில் போட்ட கோலம் பல வருஷம் இருக்கும்.

மூன்று, கிழிசலை அழகாக்குவது. பையன் சட்டையில் ஆணி மாட்டிக் கிழிந்துவிட்டால், மறைத்துத் தைக்கப் பார்க்கிறோம். மறைக்காமல் அந்த இடத்தில் அடியில் ஒரு ஒட்டுத்துணி வைத்து, மேலே ஒரு இலையோ மீனோ சங்கிலித் தையலில் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஆசையாகப் போட்டுக்கொள்வார்கள். பள்ளிச் சீருடையில் மட்டும் வேண்டாம், டீச்சர் திட்டுவார்.

நான்கு, தையல் நோட்டு. ஒரு சாண் அகலத் துணித் துண்டுகளைச் சேர்த்துப் புத்தகம் மாதிரிக் கட்டி, பக்கத்துக்கு ஒரு தையல் போட்டு வைப்பது. ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், காஜாத் தையல், முடிச்சுத் தையல் என்று வரிசையாக. சேலைக் குஞ்சம், ஆரி வேலை கற்றவர்கள் அதில் ஒரு மாதிரியையும் வைக்கலாம். எங்கள் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவின் நோட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. கற்றுக்கொடுக்கும்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம்.

இன்னும் சில குறிப்புகள். புது நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் துணியில் போடாதீர்கள், சிவப்பு நூலில் ரொம்பக் கவனம். எம்பிராய்டரி நூல் கண்டில் ஆறு இழை இருக்கும். இரண்டு அல்லது மூன்று இழை மட்டும் பிரித்து எடுத்தால் வேலையும் நுணுக்கமாக வரும், நூலும் மிச்சம். பகல் வெளிச்சத்தில் தையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்து மரத்தைப் பாருங்கள், கழுத்தையும் திருப்புங்கள். நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறினால், "வயசாயிடுச்சு, இனி தையல் வேண்டாம்" என்று விட்டுவிடாதீர்கள். அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டால் சரியாகும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுத்து வையுங்கள், தவழ்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு.

விற்பதாக இருந்தால்

நன்றாக வந்த வேலையைப் பார்த்து யாராவது விலைக்குக் கேட்பார்கள். விற்பது தப்பில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அது உழைப்பு, கணக்கு வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: பொருள் செலவு, அதோடு எத்தனை மணி நேரம், அதோடு ஒரு மணிக்கு நமக்கு நாமே வைத்திருக்கும் கூலி.

ஒரு தலையணை உறை என்று வைத்துக்கொள்வோம். துணி 60 ரூபாய், நூல் 40 ரூபாய், 9 மணி நேர வேலை. மணிக்கு 40 ரூபாய் என்றால் 360. மொத்தம் 460 ரூபாய். வந்தவர், "200க்குக் கொடுங்க, கடையில் இதைவிட மலிவா கிடைக்குது" என்றால், "கடையிலேயே வாங்கிக்கோங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவோம். பிரியமானவர்களுக்குச் சும்மாவே கொடுப்போம், அது வேறு. சும்மா கொடுத்தால் அன்பளிப்பு. பாதி விலைக்குக் கொடுத்தால் நஷ்டம், நமக்கு மட்டும் அல்ல, பக்கத்து ஊர்க் குழுவுக்கும் சேர்த்து. அவர்களிடமும் அதே விலைக்குத்தானே கேட்பார்கள்?

இப்போதும் எங்கள் குழு பை தைக்கிறது. ஆனால் நேரத்தைக் கணக்குப் பார்த்து விலை பேசித்தான் எடுக்கிறோம். ஒத்துவராத இரண்டு ஆர்டரைத் திருப்பியும் அனுப்பினோம். அனுப்பிய நாளில் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. குழுவில் எல்லோரும் ஒரே வார்த்தையில் நின்றதால்தான் முடிந்தது. தனி ஆளாக இருந்தால் 3 ரூபாய்க்கே தைத்துக்கொண்டு இருந்திருப்போம்.

ஊசி நேரம்

மாதத்தில் ஒரு கூட்டம் முடிந்ததும், சந்தாவும் கடன் கணக்கும் எழுதி முடித்த பிறகு, ஒரு மணி நேரம் உட்காருகிறோம். அதற்கு ஊசி நேரம் என்று பெயர். தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆர்டர் துணி எடுக்கக் கூடாது. தனக்குப் பிடித்ததை மட்டும் எடுக்கலாம். தைக்கத் தெரியாதவர்கள் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டு பேசலாம்.

அந்த நேரத்தில் வரும் பேச்சு, கூட்டத்தில் வராது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். ஒரு சகோதரி வெளியில் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறு வாரமே உள்கடன் கொடுத்து அதை அடைத்தோம்.

ஒரு மணி நேரம்கூட முடியாது என்று சொல்லும் வீடுகள் உண்டு, எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு நாங்கள் சொல்வது: கால் மணி நேரத்தில் தொடங்குங்கள். சாமி கும்பிட ஒதுக்குகிற மாதிரி ஒதுக்குங்கள். வீட்டில் யாரும் தானாக எழுந்து வந்து நமக்கு நேரம் தர மாட்டார்கள். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்னோமே, மயில் தைத்த தங்கச்சி. அவர் இங்கேதான் எங்களோடு வந்திருக்கிறார். மயிலை முடித்துவிட்டார். வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டாராம். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எல்லாருக்கும் செய்யறேன். இது ஒண்ணு நான் எனக்காகச் செஞ்சுக்கறேன்" என்று சொன்னாராம். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தோகையில் பச்சை கம்மியா இருக்கே" என்றாராம். அடுத்த சந்தையில் பச்சை நூல் கண்டு ஒன்றை அவரே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் பச்சை நூல் வந்துவிடாது சகோதரிகளே. வரவில்லை என்றாலும் தைப்போம்.

இறுதியாகக் கூட்டமைப்புக்கு எங்கள் கோரிக்கைகள் இரண்டு. தையல் ஆர்டர் எடுக்கும் எல்லாக் குழுக்களும் மணிக் கணக்குப்படி ஒரே குறைந்தபட்சக் கூலி வைக்கலாம் என்று தீர்மானம் போட வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் விற்பனைக்கு இல்லாத கைவேலைகளுக்கு என்று ஒரு மேசை போட வேண்டும். அதில் விலைச் சீட்டு இருக்காது. தைத்தவர் பெயர் மட்டும் இருக்கும்.